பதவிக்காலத்தின் நடுவே குடும்பத்துக்காக விலகுவது எப்படி? முதல்முறை எம்.எல்.ஏ., எம்.பி.க்களுக்கு ஒரு வழிகாட்டி

மக்களவை உறுப்பினர் ஒருவர் ராஜினாமா செய்ய விரும்பினால் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்று அவையின் 240ஆம் விதி சொல்கிறது. சபாநாயகருக்கு, கையெழுத்திட்டு, இன்ன தேதியிலிருந்து என் இடத்தைத் துறக்கிறேன் என்று ஒரு வரி எழுத வேண்டும். காரணம் எழுதக் கூடாது. மீறி எழுதினால் அந்தப் பகுதியை நீக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் அவையில் படிக்கச் சபாநாயகருக்கு அதிகாரம் உண்டு. அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார், குழந்தைக்கு இதயத்தில் கோளாறு, இரண்டு ஊரில் இரண்டு குடித்தனம் நடத்த முடியவில்லை என்று எதை எழுதினாலும் அவைக்கு அது தேவையில்லை.

முதலில் படிக்கும்போது இது ஈரமில்லாத விதியாகத் தோன்றும். யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு பெருந்தன்மை இருக்கிறது. காரணத்தைக் கேட்க ஆரம்பித்தால், அது போதுமான காரணமா என்று எடைபோட ஒருவர் உட்கார வேண்டும். உங்கள் தாயின் நோய் ராஜினாமாவுக்குப் போதுமான அளவு கடுமையானதா என்று இன்னொருவர் தீர்ப்புச் சொல்வதைவிட, கேட்காமல் இருப்பதே மேல்.

ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? விலக நினைக்கும் உறுப்பினர் காரணத்தை எப்படிச் சொல்வது என்று வாரக்கணக்கில் தவிக்கிறார். எந்தத் தேதியில் விலகுவது, தொகுதியை எப்படி ஒப்படைப்பது என்பதைக் கடைசி நாளில் அவசர அவசரமாக முடிக்கிறார். தொகுதி மக்களுக்கு வலிப்பது இரண்டாவதுதான். இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் திருப்பிப் போடுவதற்காக எழுதப்பட்டது. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களையும் அவர்களுடைய அலுவலகத்தை நடத்துபவர்களையும் மனத்தில் வைத்திருக்கிறேன். ஊராட்சி, நகராட்சிப் பதவிகளுக்கு அந்தந்த மாநிலச் சட்டம் தனி என்பதால், இங்கே உள்ளவற்றை அங்கே அப்படியே பொருத்திவிட வேண்டாம்.

முதல் படி: விடுப்பு போதுமா என்று பாருங்கள்

வீட்டில் நெருக்கடி வந்தவுடன் பலருக்கும் இரண்டு வழிதான் கண்ணில் படுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வது, அல்லது விட்டுவிட்டுப் போவது. நடுவில் ஒரு வழி அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அவையின் அனுமதி இல்லாமல் அறுபது நாட்கள் எல்லாக் கூட்டங்களுக்கும் வராமல் இருந்தால், அந்த இடம் காலியானதாக அவை அறிவிக்கலாம் என்று நாடாளுமன்றத்துக்கு 101ஆவது பிரிவும் சட்டமன்றங்களுக்கு 190ஆவது பிரிவும் கூறுகின்றன. இதை அச்சுறுத்தலாக மட்டும் படிக்காதீர்கள். அனுமதி பெற்றுக்கொண்டு வராமல் இருக்கலாம் என்பது அதன் மறுபக்கம். அந்த அறுபது நாள் கணக்கிலும் அவை கூட்டத்தொடர் முடிந்து கலைந்திருக்கும் காலமும், தொடர்ந்து நான்கு நாட்களுக்கு மேல் ஒத்திவைக்கப்பட்டிருக்கும் காலமும் சேராது. பல மாநிலச் சட்டமன்றங்கள் ஓர் ஆண்டு முழுவதும் கூடும் நாட்களே அறுபதைத் தொடுவதில்லை. ஆக, அவைக்கு வர முடியவில்லை என்பது ஓர் எம்.எல்.ஏ. பதவி விலகுவதற்கான உண்மையான காரணமாக இருப்பது அரிது.

மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்த சச்சின் டெண்டுல்கர் 2014இல் அவைக்கு வருவதே இல்லை என்று விமர்சிக்கப்பட்டார். தம் அண்ணனுக்கு பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்ததால் டெல்லிக்கு வர இயலவில்லை என்று அவர் விளக்கினார். அவை விடுப்பும் அளித்தது. அவருடைய வருகைப் பதிவேட்டைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், விடுப்பு என்ற வழி திறந்தே இருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. விண்ணப்பத்தைக் கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். வராமல் இருந்துவிட்டுப் பிறகு விளக்கம் சொல்வது எடுபடாது.

பிரசவமும் கைக்குழந்தையும் வேறு வகைச் சிக்கல். அதற்கென்று நம் அவைகளில் முறையான ஏற்பாடு ஏதும் வேர்விடவில்லை. மகாராஷ்டிரச் சட்டமன்ற உறுப்பினர் சரோஜ் அஹிரே 2022 டிசம்பரில் நாக்பூர் கூட்டத்தொடருக்குத் தம் இரண்டரை மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. பிரிட்டனில் துலிப் சித்திக் 2019 ஜனவரியில் தம் சிசேரியன் அறுவையைத் தள்ளிப்போட்டுவிட்டு, சக்கர நாற்காலியில் வந்து வாக்களித்தார். அந்த மாதமே, பிரசவ காலத்தில் வேறொரு உறுப்பினர் மூலம் வாக்களிக்கும் முறை அங்கே சோதனையாகத் தொடங்கப்பட்டது. இங்கே அப்படி எதுவும் இல்லை. இருந்தாலும் பேறுகாலத்துக்காகப் பதவியையே விட வேண்டும் என்று உங்களிடம் யாராவது சொன்னால், விடுப்பு விண்ணப்பத்தை முதலில் எடுத்து நீட்டுங்கள்.

விடுப்பு எங்கே உதவாது? தொகுதியில். அவைக்குப் போகாமல் இருப்பதை மக்கள் பெரும்பாலும் கவனிப்பதுகூட இல்லை. காது குத்துக்கு வரவில்லை, இறப்பு வீட்டுக்கு மாலை வரவில்லை, காலையில் வீட்டு வாசலில் மனுவோடு நின்றபோது ஆள் இல்லை என்பதைக் கவனிப்பார்கள். நெருக்கடி சில மாதங்களில் தீரக்கூடியது என்றால் அந்த வேலையை உதவியாளர்களிடமும் கட்சியின் ஒன்றிய, நகர நிர்வாகிகளிடமும் பிரித்துக் கொடுத்து ஓட்டிவிடலாம். தீராதது, ஆண்டுக்கணக்கில் போகும் என்றால் அடுத்த படிக்கு வாருங்கள்.

இரண்டாம் படி: எதை விடுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

உங்களிடம் ஒன்றுக்கு மேற்பட்ட பொறுப்பு இருக்கலாம். அமைச்சர், உறுப்பினர், கட்சியின் மாவட்டச் செயலாளர் என்று மூன்றும் ஒரே தோளில் இருந்தால், மூன்றையும் சேர்த்து இறக்கி வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் நேரத்தை உண்மையில் தின்பது எது?

பிரிட்டனில் நார்மன் ஃபவுலர் 1990 ஜனவரியில் குடும்பத்தோடு கூடுதல் நேரம் செலவிட வேண்டும் என்று சொல்லி அமைச்சர் பதவியை விட்டார். உறுப்பினர் பதவியை விடவில்லை. அவர் சொன்ன காரணம் அதன் பிறகு அந்த நாட்டு அரசியலில் கேலிப்பொருளாகவே ஆகிவிட்டது. வேறு எதற்கோ விலகுகிறவர்கள் எல்லாம் அதையே போர்த்திக்கொண்டதுதான் காரணம். ஆலன் மில்பர்ன் 2003 ஜூனில் சுகாதாரத் துறையை விட்டபோதும் இதே சந்தேகம் எழுந்தது. வடகிழக்கு இங்கிலாந்தில் துணைவியும் சிறு பிள்ளைகளும், லண்டனில் அமைச்சகம் என்ற நிலை அவருக்கு. டார்லிங்டன் தொகுதி உறுப்பினராகத் தொடர்ந்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் அமைச்சரவைக்குத் திரும்பியும் வந்தார். திரும்பி வந்ததைக் காட்டி, அப்போது சொன்னது பொய் என்றவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளைகளுக்கு அப்பா தேவைப்படும் காலம் என்று ஒன்று இருக்கிறது, அது ஆயுள் முழுவதும் நீள்வதில்லை.

அமைச்சர் பொறுப்பை மட்டும் விடுவதாக இருந்தால் கடிதம் முதலமைச்சருக்கோ பிரதமருக்கோ போகும். அங்கிருந்து ஆளுநருக்கு அல்லது குடியரசுத் தலைவருக்குப் போகும். தொகுதிக்கு உறுப்பினர் இருப்பார், இடைத்தேர்தல் வராது. நோயாளியின் அருகில் இருக்க வாரத்தில் மூன்று நாள் போதும் என்ற நிலையில் இருப்பவருக்கு இதுவே போதுமானதாக இருக்கும்.

இதற்கு நேர் எதிர் ஆஸ்திரேலியாவின் மைக் பேர்ட். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் முதல்வராக (பிரீமியர்) இருந்த அவர் 2017 ஜனவரியில், தந்தை, தாய், சகோதரி மூவரும் கடும் உடல்நலச் சிக்கலில் இருப்பதைக் காரணமாகச் சொல்லி, தலைமைப் பதவி, உறுப்பினர் பதவி இரண்டையும் ஒருசேர விட்டார். சில நாட்களில் கிளாடிஸ் பெரெஜிக்லியன் பொறுப்பேற்றார். மேன்லி தொகுதிக்கு ஏப்ரலில் இடைத்தேர்தல் நடந்தது. தலைமையை விட்டுவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் புதிய தலைவருக்குச் சங்கடம் என்பதால், உச்சப் பதவியில் இருப்பவர்களுக்கு முழுமையாக விலகுவதே பெரும்பாலும் நல்லது.

மூன்றாம் படி: முடிவு உங்களுடையதா?

இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 1974இல் வந்த 33ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்கு முன்பு, உறுப்பினர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாலே இடம் காலி. அந்தக் காலத்தில் கூட்டம் கூடி மிரட்டி எழுதி வாங்கிய கடிதங்கள் உண்டு. அதனால்தான் திருத்தம் வந்தது. இப்போது ராஜினாமா தன்விருப்பத்தோடு கொடுக்கப்பட்டதா, உண்மையானதா என்று சபாநாயகர் பார்க்க வேண்டும். இல்லை என்று அவருக்குத் தெரிந்தால் ஏற்கக் கூடாது.

சட்டம் நினைத்துப் பார்த்தது தெருவில் திரளும் கூட்டத்தை. வீட்டுக்குள் நடக்கும் வற்புறுத்தலைச் சபாநாயகர் எப்படிக் காண்பார்? பெண் உறுப்பினர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஓர் ஆண் குடும்பத்துக்காக விலகுகிறேன் என்றால் ஊரே சந்தேகப்படும், உள்ளே வேறு என்ன விவகாரம் என்று தோண்டும். ஒரு பெண் அதையே சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை; அது இயல்பு என்று தலையாட்டிவிடுவார்கள். அந்தத் தலையாட்டலை நம்பி உங்களை வெளியே அனுப்பிவிட்டு, காலியாகும் இடத்தில் வேறொருவரை நிறுத்தக் காத்திருக்கும் ஆட்கள் கட்சியிலும் இருப்பார்கள், சில வேளை வீட்டிலேயே இருப்பார்கள். மாமனாரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பது உண்மையான தேவை. அந்த ஆள் ஏன் தேர்தலில் வென்றவராகவே இருக்க வேண்டும் என்று ஒருமுறையாவது வாய்விட்டுக் கேளுங்கள். கேட்ட பிறகும் நான்தான் இருக்க வேண்டும் என்று உங்களுக்கே தோன்றினால், பிறகு யார் சொல்லுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

கட்சியில் தேதியிடாத கடிதம் ஒன்றில் முன்பே கையெழுத்து வாங்கி வைத்திருந்தால், அதைத் திரும்ப வாங்க வேண்டிய நேரமும் இதுதான்.

நான்காம் படி: தேதி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

காலியான இடத்துக்கு ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151அ பிரிவு சொல்கிறது. இரண்டு விலக்குகள் உண்டு. எஞ்சியிருக்கும் பதவிக்காலம் ஓர் ஆண்டுக்கும் குறைவாக இருந்தால் தேர்தல் தேவையில்லை. அந்தக் காலத்துக்குள் நடத்துவது கடினம் என்று தேர்தல் ஆணையம் மத்திய அரசோடு கலந்து சான்றளித்தாலும் தேவையில்லை.

முதல் விலக்கை உங்கள் நாட்காட்டியோடு வைத்துப் பாருங்கள். அவையின் ஐந்தாண்டில் நான்காம் ஆண்டு முடியும் தறுவாயில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதம் முன்னால் விலகினால் தொகுதிக்குப் புதிய உறுப்பினர் கிடைப்பார். இரண்டு மாதம் கழித்து விலகினால் அடுத்த பொதுத்தேர்தல் வரை தொகுதிக்கு உறுப்பினரே இல்லாமல் போகலாம். இடைத்தேர்தல் செலவு மிச்சம் என்று இரண்டாவதைப் பாராட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சாலை, குடிநீர் என்று எதற்கும் அவையில் கேள்வி எழுப்ப ஆளில்லாத ஓராண்டுக்கும் ஒரு விலை உண்டு. எந்தப் பக்கம் சாய்வது என்பது உங்கள் முடிவு. கணக்குப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இடம் எவ்வளவு காலம் காலியாக இருக்கும் என்பது நாட்டுக்கு நாடு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து நாடாளுமன்றப் பிரதிநிதிகள் அவைக்குத் தேர்வான ஷான் டஃபி, 2019 ஆகஸ்ட் இறுதியில் விலகலை அறிவித்தார். அவருடைய ஒன்பதாவது குழந்தை பிறக்க இருந்தது. இதயக் கோளாறு உள்ளிட்ட சிக்கல்களோடு பிறக்கும் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். நான்கு வாரம் அவகாசம் வைத்துச் செப்டம்பர் 23 அன்று பதவியிலிருந்து இறங்கினார். அறிவிப்புக்கும் விலகலுக்கும் இடையே அவர் விட்ட இடைவெளி சரியானது. ஆனால் அந்தத் தொகுதியில் தேர்தல் நடந்தது 2020 மே 12 அன்று. ஏறத்தாழ எட்டு மாதம் இடம் காலி. ஆஸ்திரேலியாவில் பெர்த் தொகுதியின் டிம் ஹேமண்ட், மூன்று சிறு பிள்ளைகளை விட்டுவிட்டு நாட்டின் மேற்குக் கோடிக்கும் கான்பெராவுக்கும் பறந்துகொண்டிருக்க முடியவில்லை என்று 2018 மே மாதம் விலகினார். ஜூலை 28 அன்று இடைத்தேர்தல் முடிந்துவிட்டது. நம் ஊரில் விளவங்கோடு 2024 பிப்ரவரியில் காலியானது. அங்கே காரணம் கட்சி மாற்றம், குடும்பம் அல்ல. மக்களவைத் தேர்தல் அருகிலேயே இருந்ததால் ஏப்ரல் 19 அன்று அதனுடன் சேர்த்தே இடைத்தேர்தல் நடந்தது. பெரிய தேர்தல் ஒன்று வரும் காலத்தில் விலகினால் இப்படி இரண்டும் ஒன்றாக முடிய வாய்ப்பு உண்டு. செலவும் குறையும், மக்களுக்கு அலைச்சலும் குறையும்.

மாநிலங்களவை உறுப்பினர் என்றால் எஞ்சிய காலத்துக்குச் சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களித்து வேறொருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். பொதுமக்கள் வாக்குச்சாவடிக்குப் போக வேண்டியதில்லை.

அரசு ஒன்றிரண்டு உறுப்பினர் பலத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் நேரம் என்றால், உங்கள் குடும்பக் காரணம் குடும்பக் காரணமாக இருக்காது. நம்பிக்கை வாக்கெடுப்புக்கு முந்தைய நாள் மருத்துவமனையிலிருந்து அனுப்பும் ராஜினாமாவை ஒருவரும் நம்ப மாட்டார்கள். முடிந்தால் அந்த வாக்கெடுப்பு முடியும் வரை பொறுங்கள். முடியாவிட்டால் எதிர்த்தரப்பில் ஒருவருக்காவது உண்மையை நேரில் சொல்லி வையுங்கள்.

ஐந்தாம் படி: யாரிடம் முதலில் சொல்வது

வீடு, கட்சித் தலைமை, அலுவலக ஊழியர்கள், சபாநாயகர், பிறகு பொதுமக்கள். இந்த வரிசை குலைந்தால் புண்படுவது மூன்றாவதாக இருப்பவர்கள்தான். உதவியாளர், ஓட்டுநர், கணினியில் மனுக்களைப் பதிவு செய்யும் பிள்ளை ஆகியோரின் வேலை உங்கள் பதவியோடு முடிகிறது. தொலைக்காட்சியில் ஓடும் வரியைப் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது. கட்சித் தலைமைக்கும் ஊழியர்களுக்கும் இடையே ஓரிரவுக்கு மேல் இடைவெளி வைக்காதீர்கள், செய்தி கசிந்துவிடும்.

ஆறாம் படி: கடிதம்

உறுப்பினர் பதவியை விடும் கடிதம் சபாநாயகருக்கு எழுதப்பட வேண்டும். மாநிலங்களவை என்றால் அவைத் தலைவருக்கு. கட்சித் தலைவருக்கு எழுதுவது, செய்தியாளர் கூட்டத்தில் அறிவிப்பது, சமூக ஊடகத்தில் பதிவிடுவது எதுவும் ராஜினாமா ஆகாது.

கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். என் விருப்பத்தின்படியே கொடுக்கிறேன் என்று வாயாலும் சொல்லுங்கள். மக்களவை விதிப்படி, நேரில் கொடுத்து இப்படிச் சொன்னால், மாறான தகவல் எதுவும் இல்லாத நிலையில் சபாநாயகர் உடனே ஏற்றுக்கொள்ளலாம். தபாலிலோ மற்றவர் கையிலோ அனுப்பினால் அவர் விசாரித்துப் பார்ப்பார், நாட்கள் ஓடும். ஏற்றுக்கொள்ளும் வரை கடிதத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் உங்களுக்கு உண்டு. மருத்துவ முடிவுகள் மாறி, நிலைமை சீராகிவிட்டால் இதை மறந்துவிடாதீர்கள். சட்டமன்றங்களுக்குத் தனித்தனி விதிப்புத்தகம் உண்டு. பேரவைச் செயலகத்தில் கேட்டு வாங்கி, படிவம் எது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கடிதம் கொடுத்தவுடன் பெட்டியைக் கட்டிவிடவும் வேண்டாம். பன்வாரிலால் புரோஹித்தை நமக்குத் தெரியும். இங்கே ஆளுநராக இருந்துவிட்டுப் பஞ்சாபுக்குப் போனவர். 2024 பிப்ரவரி 3 அன்று, சொந்தக் காரணங்களையும் வேறு சில பொறுப்புகளையும் குறிப்பிட்டுக் குடியரசுத் தலைவருக்கு ராஜினாமா அனுப்பினார். ஜூலை இறுதியில் குலாப் சந்த் கட்டாரியா நியமிக்கப்படும் வரை அவர்தான் அங்கே ஆளுநர். ஆளுநர் பதவி நியமனப் பதவி, விதிகளும் வேறு. ஆனாலும் எழுதிய தேதி ஒன்று, இறங்கிய தேதி இன்னொன்று என்பதை மறக்காமலிருக்க இது உதவும்.

உங்கள் மீது கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்கீழ் மனு நிலுவையில் இருந்தால் வழக்கறிஞரைப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். கர்நாடகத்தின் 17 சட்டமன்ற உறுப்பினர்கள் வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கியது. தன்விருப்பமும் உண்மையும் தவிர வேறு எதையும் கருதி ராஜினாமாவைச் சபாநாயகர் நிராகரிக்க முடியாது. அதே சமயம், ராஜினாமா செய்துவிட்டால் தகுதி நீக்க நடவடிக்கை தானாக மறைந்துவிடவும் மாட்டாது.

ஏழாம் படி: ஊருக்குச் சொல்வது

காரணத்துக்கு உரிய இடம் கடிதம் அல்ல, இந்த அறிக்கைதான். இங்கும் ஒன்றிரண்டு வாக்கியம் போதும். யாருக்கு முடியவில்லை என்பதைச் சொல்லலாமா என்று அவரிடமே கேளுங்கள். வயதான தந்தைக்கும் மானம் உண்டு. மருத்துவமனையின் பெயர், நோயின் கட்டம், மருந்து எதுவும் வேண்டாம். குழந்தையைப் பற்றிச் சொல்லும்போது இன்னும் கவனம் தேவை. பத்து வயதில் அந்தப் பிள்ளை அதை இணையத்தில் படிக்கும்.

வேறு காரணமும் கலந்திருந்தால் குடும்பம் மட்டுமே காரணம் என்று சொல்லாதீர்கள். தலைமையோடு பிணக்கு இருக்கலாம், அடுத்த தேர்தலில் சீட்டு இல்லை என்று தெரிந்திருக்கலாம். அவற்றை வெளியில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் "மட்டுமே" என்று எழுதிவிட்டால், பின்னால் ஒன்று வெளிவரும்போது உண்மையாக இருந்த குடும்பக் காரணமும் சேர்ந்து பொய்யாகிவிடும்.

இனி அரசியலுக்கே வர மாட்டேன் என்றும் எழுதாதீர்கள். டஃபி விலகிய சில வாரங்களில் தொலைக்காட்சி விமர்சகரானார். 2025இல் அமெரிக்காவின் போக்குவரத்து அமைச்சராகவே வந்துவிட்டார். பேர்ட் சில மாதங்களில் ஒரு பெரிய வங்கியில் உயர்பதவிக்குப் போனார். குடும்பத்துக்காக விலகியவர் சம்பாதிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. மருத்துவச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும்? மாலை ஆறு மணிக்கு வீடு திரும்ப விடும் வேலையும், நள்ளிரவில் வாசல் கதவு தட்டப்படும் வேலையும் ஒன்றல்ல என்பது மக்களுக்குப் புரியும். வேலை ஏதாவது முன்பே பேசி முடிவாகியிருந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள். மற்றவர் வாயால் வந்தால் கசக்கும்.

அறிக்கையின் பெரும்பகுதி இனி யாரை அணுகுவது என்பதாக இருக்கட்டும். கடைசி நாள் எது, அதுவரை அலுவலகம் திறந்திருக்குமா, கொடுத்த மனுக்கள் எங்கே போகும்? ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு மூன்று மாதமாக நடக்கும் ஒருவர் உங்கள் அறிக்கையில் தேடுவது இதைத்தான்.

எட்டாம் படி: ஒப்படைப்பு

மனுக்களை மூன்று கட்டாகப் பிரியுங்கள். துறைக்கு அனுப்பி, அவர்கள் மேசையில் இருப்பவை ஒன்று. அவற்றுக்குக் கடித எண்ணும் தேதியும் குறித்து, மனு கொடுத்தவருக்கும் ஒரு நகல் அனுப்பினால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர் கூட்டத்துக்கு அவரே அதைக் கொண்டுபோய்க் கேட்க முடியும். இன்னும் அனுப்பாதவை இரண்டாவது. இருக்கும் நாட்களில் அனுப்பிவிடுங்கள். மூன்றாவதுதான் சிக்கலானது. காகிதத்தில் இல்லாமல் நீங்கள் வாயால் கொடுத்த வாக்குகள் அவை. பார்க்கிறேன் என்று சொன்ன கல்லூரி இடம், செய்து தருகிறேன் என்ற கோயில் மண்டபம் என்று உதவியாளரோடு உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். முடியாதவர்களுக்கு முடியாது என்று தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள். காத்திருக்க வைப்பதைவிட அது பரவாயில்லை.

தொகுதி மேம்பாட்டு நிதி அடுத்தது. எம்.பி.க்கு ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாய், தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ.வுக்கு மூன்று கோடி ரூபாய். நீங்கள் பரிந்துரைத்து நிர்வாக அனுமதி கிடைத்த பணிகளை மாவட்ட நிர்வாகம் நடத்தும். நீங்கள் போனதால் அவை நின்றுவிடாது. பரிந்துரைக் கடிதம் மட்டும் போயிருக்கிறது, அனுமதி வரவில்லை என்ற நிலையில் இருப்பவைதான் அநாதையாகும். எந்தப் பணி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் தயாரித்து, ஆட்சியர் அலுவலகத்தில் ஒன்றும் உங்களுக்குப் பின் வருபவருக்காக ஒன்றும் வைத்துவிடுங்கள். பின் வருபவர் எதிர்க்கட்சிக்காரராக இருக்கலாம். பள்ளிக் கழிப்பறைக்குக் கட்சி கிடையாது.

விலகும் நாளுக்கு முந்தைய வாரம் புதிய பரிந்துரைகளை அள்ளி வீசாதீர்கள். ஒப்பந்தக்காரர்கள் அப்போதுதான் வரிசையாக வருவார்கள்.

லெட்டர்பேடு, முத்திரை, கார் ஸ்டிக்கர் மூன்றையும் எண்ணி வாங்குங்கள். முன்னாள் உறுப்பினரின் லெட்டர்பேடு தாள்கள் வெளியே சுற்றினால் அவற்றில் யார் எதை எழுதுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. தொகுதியில் இருக்கும் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம் அரசுக் கட்டடம். உங்கள் படங்களைக் கழற்றி, சாமான்களைப் பட்டியலோடு ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: பதவி இறங்கிய பிறகு

முன்னாள் எம்.பி.க்களுக்கு மாத ஓய்வூதியம் 31,000 ரூபாய் என 2023 ஏப்ரல் முதல் கணக்கிட்டு உயர்த்தப்பட்டது. முழுக் காலமும் இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், நடுவில் விலகியதற்காக அதை இழக்க மாட்டீர்கள். எம்.எல்.ஏ.க்களுக்கு மாநிலச் சட்டப்படி பேரவைச் செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

டெல்லி வீட்டை ஒரு மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும். நோயாளியோடு அலையும் நேரத்தில் இது மலையாகத் தெரியும் என்பதால், சாமான்களை ஏற்றி அனுப்பும் வேலையைக் கடிதம் கொடுக்கும் முன்பே ஆரம்பிப்பது நல்லது. எம்.பி. என்ற முறையில் பெற்ற ராஜதந்திர பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாதாரண பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். வெளிநாட்டில் சிகிச்சைக்கு அழைத்துப்போகும் திட்டம் இருந்தால் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி நான்குக்கும் பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்கிக் கோப்பில் வையுங்கள். பின்னாளில் மீண்டும் தேர்தலில் நின்றால், வேட்புமனுவோடு கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தில் கடந்த பத்தாண்டில் குடியிருந்த அரசு வீட்டின் பாக்கி விவரத்தைக் கேட்பார்கள். எட்டாண்டு கழித்து டெல்லியில் அந்தக் காகிதத்தைத் தேடி அலைவதற்கு, இப்போது அரை நாள் செலவிட்டு வாங்கிவிடலாம்.